ஒன்பதாம் ஆள் நின்ற ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வீட்டில் கிரிக்கெட் பார்ப்பதற்கு ஒரு சட்டம் உண்டு. போட்டவர் என் மதினி, அதாவது என் அண்ணன் மனைவி. மட்டை பிடிக்கிற இரண்டு பேர் அவுட்டாகாமல் நிலைத்து நிற்க ஆரம்பித்துவிட்டால், அந்த நேரத்தில் வீட்டில் யார் எங்கே எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். உட்கார்ந்தவர் எழக்கூடாது. நின்றவர் உட்காரக்கூடாது. எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதை விடாமல் செய்ய வேண்டும். சாப்பாட்டு இடைவேளை, தேநீர் இடைவேளை, நடுவில் தண்ணீர் குடிக்க விடும் ஐந்து நிமிடம், இவற்றுக்கு மட்டும் தோஷமில்லை.

ஒரு தடவை அண்ணன் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்து நின்ற நேரம், அவுட் என்று எல்லாரும் முடிவு கட்டிய ஆட்டக்காரர் ஒருவர் தப்பித்துவிட்டார். அவ்வளவுதான். துண்டு அண்ணன் இடுப்பிலேயே காய்ந்தது. சாப்பாட்டு இடைவேளைக்குத்தான் அவருக்கு வேட்டி கிடைத்தது. இதெல்லாம் என்ன கூத்து என்று அன்றைக்கு நான் கேட்டுவிட்டேன். அதற்கு மதினி சொன்னதை இன்னும் மறக்கவில்லை. "அவன் வெயில்ல நிக்கான். வீட்டுக்குள்ள ஃபேனுக்கடியில நிக்க நமக்கு வலிக்காக்கும்?"

பழமொழி ஊர்ச் சொத்து. அவரவர் வாயில் விளைவது அவரவர் தோட்டம் என்று நினைக்கிறவன் நான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சத்தை எல்லாம் மனிதர் பேச்சைக் கேட்டுத்தான் படித்தேன். அந்தப் படிப்பில் பாதி மதினி தோட்டத்துக் காய்தான். பாளையங்கோட்டையில் அண்ணனும் மதினியும் நானும் ஒரே வீடு. முன்னறையில் மிக்சி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்க்கும் என் கடை. அதற்கடுத்த கூடத்தில் டி.வி. மதினி ஒரு பள்ளிக்கூடத்தின் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவர். முப்பது வருஷமாக அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ரேடியோ வைத்துக்கொண்டு சாம்பாரும் கிளறுவார், ஓட்டக் கணக்கும் சொல்லுவார். எந்த நாட்டு ஆட்டமானாலும் சரி. நன்றாக ஆடிவிட்டு ஒருவர் அவுட்டாகிப் போனால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று கைதட்டுவார். ரேடியோவுக்குத்தான். பார்க்கிறவர்கள் சிரிப்பதைப் பற்றிக் கவலைப்பட்டதே இல்லை.

அந்த முப்பது வருஷ அண்டாவைத் தூக்கித் தூக்கித்தான் வலது முட்டு போய்விட்டது. ஆபரேஷன் செய்து உள்ளே புது மூட்டு வைத்தார்கள். ஆபரேஷன் நன்றாக நடந்தது. அதற்குப் பிறகு மடக்கிப் பழகுவதில்தான் மதினி தோற்றுக்கொண்டிருந்தார். பிரசவ வலிக்கே சத்தம் போடாதவர் என்று அண்ணன் சொல்லுவார். அப்படிப்பட்ட மனுஷி, முட்டை மடக்கச் சொன்னால் குழந்தை மாதிரி அழுதார். மடக்கினால் உள்ளே வைத்தது கழன்று வந்துவிடும் என்ற பயம். காலை நீட்டியபடியே உட்காருவார். எழும்போது அண்ணன் இரண்டு கையையும் பிடித்து இழுக்க வேண்டும். வலது கால் கம்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

மடக்கப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் தினமும் காலையில் வருவாள். பிசியோதெரபி படித்தவள், புன்னக்காயல்காரி. கடல் வீட்டுப் பிள்ளை என்பதால் பேச்சில் ஒரு நேர்மை இருக்கும். மதினியை நாற்காலியில் உட்காரவைத்து, பாதத்துக்கு அடியில் ஒரு பழைய துணியைப் போட்டு, குதிகாலை நாற்காலிக்கு அடியில் பின்னால் இழுக்கச் சொல்லுவாள். சிவப்புச் சிமெண்டுத் தரையில் நாற்காலிக்குக் கீழே சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தாள். குதிகால் அந்தக் கோட்டுக்கு வந்துவிட்டால் முட்டு போதிய அளவு மடங்கிவிட்டது என்று கணக்கு. மதினி அந்தக் கோட்டுக்கு கிரீஸ் என்று பேர் வைத்தார். கிரிக்கெட்டில் மட்டைக்காரன் கால் வைக்க வேண்டிய கோட்டுக்கு அதுதானே பேர். பேர் வைத்தாரே தவிர, குதிகால் கிரீசுக்குப் போகவில்லை. நாலு விரற்கடை தூரத்திலேயே நின்றுவிடும். "கால் எனக்கு, வலி எனக்கு. எண்ணுதது மட்டும் உனக்கு" என்று அந்தப் பெண்ணை மதினி கேலி செய்வார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தடவை என்பாள். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைத் திட்டுவார். அண்ணன் பிடித்திருந்த காலை விட்டுவிடுவார். தினமும் இதேதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் உடைத்துச் சொல்லிவிட்டாள். வருகிற செவ்வாய்க்கிழமை டாக்டர் பார்ப்பார். அதற்குள் குதிகால் கோட்டுக்கு வராவிட்டால், மறுபடியும் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய் மயக்கம் கொடுத்துத்தான் முட்டை மடக்க வேண்டியிருக்கும். அதையும் தள்ளிப்போட்டால் அப்படியே இறுகிவிடும். அவள் போன பிறகு மதினி என்னிடம், முட்டு மடங்காத சமையல்காரியை எந்தப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்வார்கள் என்று மட்டும் கேட்டார். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் பாக்கி.

அதே வியாழக்கிழமைதான் அந்த டெஸ்ட் ஆட்டமும் தொடங்கியது. நம் நாட்டு ஆட்டமில்லை. ஒரு பக்கம், உலகத்தையே ஜெயித்து அலுத்துப்போன ஒரு பெரிய அணி. எதிர்ப்பக்கம், டெஸ்ட் ஆடும் உரிமையே அண்மையில்தான் கிடைத்த ஒரு சின்ன நாடு. கைபேசியில் வந்ததை டி.வி.யில் தெரியும்படி மாட்டிக்கொடுத்தேன். வலியை மறக்க மதினிக்கு ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். பெரிய அணி ஐந்நூறுக்கு மேல் அடித்துவிட்டுப் போதும் என்று நிறுத்தியது. சின்ன அணி அதில் கால்வாசியைத் தொடுவதற்குள் சுருண்டது. மறுபடியும் நீங்களே ஆடுங்கள் என்று விட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அதிலும் ஏழு பேர் போய்விட்டார்கள்.

எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு இதைப் பார்த்து ஒரே சிரிப்பு. கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் எங்கள் வீட்டுப் பேப்பரை எங்களுக்கு முன்னால் படித்துவிடுவார்.

"இது ஆட்டமா வே? வாழைத் தோப்புக்குள்ள யானை புகுந்த கதையில்லா இது" என்றார் என்னிடம்.

மதினி விடவில்லை. "வாழை சாஞ்சா என்ன அண்ணாச்சி, கீழ கன்னு நிக்கும்லா. யானைக்கு அது உண்டா?"

அன்றிலிருந்து எங்கள் கூடத்தில் பெரிய அணிக்கு யானை, சின்ன அணிக்கு வாழை என்றே பேராகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம். பதினொன்றுக்குள் முடிந்துவிடும் என்று அண்ணாச்சி சொல்லிவிட்டுத்தான் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். செவ்வாய் நெருங்குகிறதே என்று அந்தப் பெண் விடுமுறை நாளிலும் வந்திருந்தாள். நான் கடை வாசலில் ஒரு மிக்சி மோட்டாரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். களத்தில் நின்ற இரண்டு பேரில் ஒருவர் விக்கெட் கீப்பர். இன்னொருவர் ஒன்பதாவதாக இறங்கியவர். பந்து போடுவதற்காக அணியில் சேர்க்கப்பட்டவர், மட்டை அவருக்குக் கைத்தொழில் இல்லை. ஒல்லியான ஆள், ஹெல்மெட் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

முதல் ஓவர் ஆரம்பித்ததும் அந்தப் பெண் மதினியின் கணுக்காலில் கை வைத்து மடக்கச் சொன்னாள். ஆறு பந்து, ஆறு மடக்கல். ஒன்பதாம் ஆள் ஆறையும் தடுத்துவிட்டார். இரண்டாவது ஓவரில் கீப்பரும் அப்படியே. மூன்றாவது ஓவரில் மதினி "போதும் தாயி" என்று காலை நீட்டிவிட்டார். அடுத்த பந்து ஒன்பதாம் ஆளின் காலில் போய்ப் பட்டது. நடுவர் விரலைத் தூக்கிவிட்டார். அவர் பதறவில்லை. இரண்டு கையாலும் ஆங்கில டி எழுத்துப் போலக் காட்டி, திரும்பப் பாருங்கள் என்று கேட்டார். பார்த்தார்கள். பந்து காலில் படுவதற்கு முன்னால் மட்டை விளிம்பில் மயிரிழை உரசியிருந்தது. அவுட் இல்லை.

எல்லாருக்கும் ஒரே நினைப்புதான். வெளியே சொன்னது நான்.

"மதினி, நீங்க நிப்பாட்டினீங்க."

மதினி என்னைப் பார்த்த பார்வையில் ஒரு மிக்சி எரிந்திருக்கும். இருபத்தைந்து வருஷமாக அண்ணனை ஈரத் துண்டோடும், என்னை ஒற்றைக் காலிலும் நிறுத்திவைத்த சட்டம், இப்போது அவர் மடியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. மறுக்கவும் முடியாது. மறுத்தால் இத்தனை வருஷத்துச் சட்டமும் பொய்யாகிவிடும். காலைத் துணிமேல் வைத்து, அடுத்த பந்துக்கு மடக்கினார்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஒயர்கூடையோடு வாசலில் வந்து நின்று, என்ன காய் வாங்கட்டும் என்று கேட்டார். "நில்லுங்க அங்கனயே" என்றார் மதினி. அண்ணனுக்குப் பழக்கம்தானே. நிலையில் சாய்ந்துகொண்டு நின்றுவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் புதுசு. முதலில் சிரித்தாள். பிறகு அவள் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது தெரிந்தது. ஆனால் படித்த பிள்ளை, பேராசைப்படவில்லை. ஒரேயடியாக மடக்கினால் முட்டு வீங்கிவிடும் என்று அவளே ஒரு விதி சொன்னாள். ஒரு ஓவருக்கு மடக்க வேண்டும், அடுத்த ஓவருக்கு ஓய்வு. ஓவருக்கு ஓவர் பந்து போடும் பக்கம் மாறும் அல்லவா? மட்டைக்காரருக்குப் பின்னால் மரங்கள் தெரிந்தால் மடக்கு. கட்டடம் தெரிந்தால் காலை நீட்டிக்கொள். இடைவேளையில் ஐஸ் ஒத்தடம். மதினி யோசித்துப் பார்த்து, மரம் தெரிகிற பக்கத்துக்கு மட்டும்தான் நான் பொறுப்பு, கட்டடப் பக்கத்துக்கு அவனே பொறுப்பு என்று ஒத்துக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு அடுத்த வீடு இருந்தது. அவளுக்கு மட்டும் சட்டத்தில் விலக்குக் கொடுத்தார் மதினி. செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "காத்து எதிரா அடிச்சா எங்க ஊர்ல வள்ளத்தைத் திருப்ப மாட்டாங்கம்மா. பையத்தான் போவாங்க, ஆனா போவாங்க."

மதினிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது என்பதை முகத்திலேயே கண்டேன்.

அவள் போன பிறகுதான் ஒரு விஷயம் விளங்கியது. இத்தனை நாள் மதினி வலிக்கிறது என்றதும் காலை விட்டுவிட அண்ணன் பக்கத்தில் இருந்தார். இப்போது அண்ணன் நிலைவாசலை விட்டு நகர முடியாது. எனக்கு மோட்டாரை விட்டு எழ வழியில்லை. அண்ணாச்சி ஜன்னலோரம். திட்டுவதற்கும் ஆள் கைக்கெட்டவில்லை, பிடிப்பதற்கும் இல்லை. மதினியும் அந்தக் காலும் மட்டும்தான். முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு மடக்கலுக்கும் முனகல் கேட்டது. அதற்குப் பிறகு, பந்து எப்படி வந்தது என்று பேசிக்கொண்டே மடக்க ஆரம்பித்தார்.

ஒன்பதாம் ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் ஓட்டம் எடுத்தது கொஞ்சம்தான். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு ஓரமாக நாலடி நடப்பார். திரும்பி வந்து கிரீசில் காலணியால் ஒரு கீறல் போடுவார். மட்டையை இரண்டு தட்டு தட்டிவிட்டுத் தலையைத் தூக்குவார். இதில் ஒரு தடவைகூட அவசரம் இல்லை. ஒரு பந்து முழங்கையில் பட்டுத் தெறித்தது. டாக்டர் மைதானத்துக்குள் ஓடி வந்தார். இவர் கையை ஒரு முறை உதறிவிட்டு, போங்கள் என்று தலையை ஆட்டினார். தோற்கப்போகிற ஆட்டம் என்று அவருக்குத் தெரியாதா? நமக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனாலும் அடுத்த பந்து ஒன்று இருக்கிறதே. அதை மட்டும் பார்த்தார். நானும் எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் நூறு அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வெறுமனே நிற்பதற்கு இவ்வளவு அழகு உண்டு என்று அன்றைக்குத்தான் கண்டேன்.

யானைப் பக்கத்தில் தலைவர் ஒவ்வொருவராகப் பந்தைக் கொடுத்துப் பார்த்தார். கடைசியில் பந்தே போடாத ஒருவரிடமும் கொடுத்தார். அண்ணாச்சியின் குரல் மாற ஆரம்பித்தது. "ஒத்த வாழை வே. அது மட்டும் சாய மாட்டேங்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து வேறு குரலில், தனக்குச் சர்க்கரை வியாதி என்றும், இதற்கு மேல் அடக்க முடியாது என்றும் சொன்னார்.

மதினி டி.வி.யை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "இன்னும் ரெண்டு ஓவர்ல தண்ணி குடிக்க விடுவாங்க அண்ணாச்சி. அவன் மட்டும் என்ன, களத்துல கக்கூசு கட்டியா வச்சிருக்கான்?"

அண்ணாச்சி பொறுத்துக்கொண்டார். சாப்பாட்டு இடைவேளையில் காய் இல்லாததால் சோறும் முந்தின நாள் புளிக்குழம்பும் அப்பளமும்தான். ஐஸ் கட்டியை முட்டில் வைத்துக்கொண்டு மதினி சாப்பிட்டார். நான் குனிந்து தரையைப் பார்த்தேன். பழைய துணி தேய்ந்து தேய்ந்து சிமெண்டில் ஒரு பாதையே தெரிந்தது. கோட்டுக்கு இன்னும் ஒரு விரற்கடை. சொல்லவில்லை. சொன்னால் பயம் மறுபடி வந்துவிடும் என்று விட்டுவிட்டேன். ஆட்டம் தொடங்கும் முன் எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போனோம். சொல்லாமலே அண்ணன் கூடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டு நிலையில் சாய்ந்தார். காய் வாங்கும் கடை எப்போதோ மூடியிருக்கும். ஆனாலும் காலையில் கூடையோடுதானே நின்றார்?

தேநீர் இடைவேளைக்குச் சற்று முன்பு புதுப் பந்து எடுத்தார்கள். கட்டடம் தெரிகிற பக்கம். மதினிக்கு ஓய்வு ஓவர். ஓடி வந்தவர் அன்றைக்கு அதுவரை போடாத ஒரு பந்தைப் போட்டார். வெளியே போவது மாதிரி வந்து உள்ளே திரும்பியது. ஒன்பதாம் ஆள் மட்டையை நேராகத்தான் வைத்தார். மட்டைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து ஸ்டம்பைச் சாய்த்துவிட்டது.

அவர் குனிந்து ஸ்டம்பை ஒரு முறை பார்த்தார். மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார். யானை அணியில் பாதிப் பேர் குதிப்பதை நிறுத்திவிட்டு அவரிடம் ஓடி வந்து கை கொடுத்தார்கள். மைதானத்தில் இருந்த கொஞ்சக் கூட்டமும் எழுந்து நின்றது.

எங்கள் கூடத்தில் மதினி எழுந்தார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு கையையும் நாற்காலிக் கையில் ஊன்றினார். எழுகிற எவரும் செய்வதுபோல, வலது பாதம் தானாகப் பின்னால் போனது. துணியைத் தாண்டிப் போனது. குதிகால் சாக்குக்கட்டிக் கோட்டை மிதித்து, அதற்கும் ஒரு விரற்கடை பின்னால் ஊன்றியது. யாரும் கை கொடுக்கவில்லை. நேராக நின்று, டி.வி.யைப் பார்த்து, அந்த ஒல்லி மனிதர் படியேறி உள்ளே மறையும் வரை கைதட்டினார். தான் எழுந்துவிட்டோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கை ஓய்ந்த பிறகுதான் கீழே பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி கீழே பார்த்தார். குதிகாலில் சாக்குக்கட்டி வெள்ளை ஒட்டியிருந்தது.

அண்ணாச்சிதான் வாய்விட்டு ஏதோ சொல்லப்போனார். அதற்குள் நிலைவாசலிலிருந்து அண்ணன் கேட்டார்: "இனிமே நான் உக்காரலாமா?"

கண்ணில் தண்ணீர் வழிய மதினி சிரித்தார். அண்ணாச்சி பேச்சை விட்டுவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினார்.

மிச்சமிருந்த இரண்டு விக்கெட்டும் தேநீருக்குப் பிறகு அரைமணி நேரம்கூட நிற்கவில்லை. யானை இன்னிங்ஸ் வித்தியாசத்தில் ஜெயித்தது. அதில் யாருக்கும் வருத்தமில்லை. மதினி மட்டும், கட்டடப் பக்கத்து ஓவரில்தான் போனான், என் பக்கத்தில் இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டார். திங்கட்கிழமை வந்த பெண் ஒன்றும் கேட்காமல் துணியைப் போட்டாள். குதிகால் கோட்டில் போய் நின்றது. அழுகை இல்லை என்று சொல்ல மாட்டேன். வலி ஒரே நாளில் எங்கே போகும்? ஆனால் திட்டு இல்லை. அவள் பழைய கோட்டுக்குப் பின்னால் புதிதாக ஒரு கோடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் ஒரு அளவுகோலை முட்டில் வைத்துப் பார்த்தார். தியேட்டர் வேண்டாம், இப்படியே பழகுங்கள் என்றார். வெளியே வந்து, மாத்திரை வாங்கும் வரிசையில் நான் நின்றேன். மதினி பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன முந்தின நாள் பேப்பரைப் புரட்டினார். விளையாட்டுப் பக்கத்தில் ஓர் ஓரமாக அந்த ஆட்டத்தைப் பற்றி நாலே வரி. தலைப்பில் எளிதான வெற்றி என்று போட்டிருந்தார்கள். ஒன்பதாம் ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

மதினி பேப்பரை மடித்தார். பாதத்தைப் பின்னால் இழுத்து, ஊன்றி, எழுந்து என்னிடம் நடந்து வந்தார். அந்தத் தலைப்பை விரலால் தட்டிக் காட்டினார்.

"லேசா ஜெயிச்சானாமே. இதை எழுதினவனை இங்கன வந்து என் முட்டுக்கிட்ட கேக்கச் சொல்லும்."